அப்பா உத்தரவு கேட்காத நாள்

கதவே இல்லாத வாசலிலும் நின்று குரல் கொடுத்துவிட்டுத்தான் அப்பா உள்ளே வருவார். ரந்தாவ் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில், லயம் எனப்படும் வரிசை வீடுகளில் கோடி வீடு எங்களுடையது. பின்பக்கம் அம்மா சமைக்கும் இடத்துக்கு ஒரு சாக்குத் திரை மட்டும் தொங்கும். ரப்பர் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பும் அப்பா அந்தச் சாக்குக்கு வெளியே நின்று, "வரலாமா?" என்பார். "உங்க வூடுதான, வாங்க" என்று அம்மா தினமும் சொல்வாள். தினமும் அதைக் காதால் கேட்ட பிறகுதான் அப்பா குனிந்து உள்ளே வருவார்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு முருங்கை இருந்தது. அப்பா நட்ட மரம். அதன் கிளை பக்கத்து வீட்டுப் பக்கம் சாய்ந்திருந்ததால், கீரை ஒடிக்கும்போதெல்லாம் பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவார். அந்த மனிதர் முதலில் சிரித்தார். பிறகு எரிச்சல்பட்டார். நாளாக ஆக அது தன்னுடைய மரம்தான் என்று அவருக்கே தோன்றிவிட்டது போலும், ஒருநாள் "இன்னிக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டார். அப்பா வெறுங்கையோடு வந்து நின்றார். அம்மா அன்றைக்கு இருவரையும் சேர்த்துத் திட்டினாள்.

அப்பாவுக்குத் தெரிந்த மலாய்ச் சொற்கள் கொஞ்சம். அவற்றில் அவர் முதலில் கற்றுக்கொண்டது 'போலே'. ஆகுமா, செய்யலாமா என்று கேட்பதற்கான சொல் அது. துவான் என்றால் ஐயா. தமிழ் ஆள் என்றால் "உத்தரவுங்களா?", மலாய்க்காரர் என்றால் "போலே துவான்?", சீனக் கடைக்காரர் என்றால் இரண்டையும் சேர்த்துக் கேட்பார். கேட்கும்போது தலைத்துண்டு அக்குளுக்குப் போய்விடும். வலது கை இடது முழங்கையைப் பிடித்துக்கொள்ளும். கண்கள் எதிரே நிற்பவரின் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

தோட்டத்தில் இதை வைத்து விளையாடியவர்களும் உண்டு. ஒரு மத்தியானம் பால் கொட்டகையில், வேலையை மேற்பார்க்கும் மண்டோர் ஏதோ கேட்க வேண்டும் என்று அப்பாவை நிற்கச் சொன்னார். "நில்லு, வர்றேன்" என்று போனவர் மறந்துவிட்டார், அல்லது மறந்ததுபோல் இருந்துவிட்டார். மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் லயத்துக்கு வந்துவிட்டார்கள், அப்பா மட்டும் வரவில்லை. பொழுது சாயும் நேரத்தில் அம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு தேடிப் போனாள், நானும் பின்னால் ஓடினேன். கொட்டகைக்கு வெளியே, கூரை ஒழுக்கு முதுகில் விழ, காலி வாளிகளோடு நின்றுகொண்டிருந்தார். அம்மா கையைப் பிடித்து இழுத்தபோது, "அவரு போவச் சொல்லலியே" என்றார். அந்தக் குரலில் கோபம் துளியும் இல்லை.

இதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை கேட்டிருக்கிறேன். ஊரில் சிறு பையனாக இருந்தபோது, பண்ணைக்காரர் தெருவில் கால் வைக்கும் முன்பு தெருமுனையில் நின்று குரல் கொடுக்க வேண்டுமாம். யாராவது 'வா' என்றால் போகலாம். யாரும் சொல்லாவிட்டால் சொல்லும் வரை அங்கேயே நிற்க வேண்டும். அவருடைய தகப்பனார் நின்றார், இவரும் பக்கத்தில் நின்றார். அவ்வளவுதான் சொன்னார். கப்பல் ஏறி இத்தனை தூரம் வந்தும் அந்தத் தெருமுனை அவர் கூடவே வந்துவிட்டது என்று பிற்பாடு நான் நினைத்துக்கொண்டேன்.

ஆனால் அவர் என்னிடமும் கேட்பார். தோட்டத்தில் வேறு எந்தத் தகப்பனும் தன் மகளிடம் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. மற்ற வீடுகளில் பிள்ளைகளுக்குக் கட்டளைதான், இல்லாவிட்டால் அடி. அப்பா என் பக்கத்தில் வந்து உட்காரும் முன்பு, "பாப்பா, இங்க ஒக்காரட்டுமா?" என்பார். காலில் முள் எடுக்கும் முன்பு, "எடுக்கட்டுமா?" நான் வேண்டாம் என்றால் காத்திருப்பார். முள்ளை வைத்துக்கொண்டு நான் அழுதால், தானும் கண் கலங்கி உட்கார்ந்திருப்பாரே தவிர, காலைப் பிடித்து இழுக்க மாட்டார். அந்த வயதில் அது எனக்குப் பெருமையாக இருந்தது.

தோட்டத்துக் கணக்குப்பிள்ளையான கிராணியின் வீட்டுக் கூடத்தில் ஒரு நாட்காட்டி மாட்டியிருந்தது. அம்மா அங்கே பெருக்கப் போகும்போது நானும் போவேன். நாட்காட்டியில் ஒரு படம்: செக்கச் சிவந்த கட்டடம், முன்னால் ஒரு மணிக்கூண்டு, பின்னால் ஒரு குன்று. அது மலாக்கா என்று கிராணியின் மனைவி சொன்னார். சுவர் முழுக்கச் சிவப்பாக ஒரு வீடு இருக்க முடியும் என்பதை என்னால் நம்ப முடியவில்லை. அன்றிலிருந்து அப்பாவை நச்சரித்தேன். "கேட்டுப் பாக்கறேன்" என்றார். கேட்கவும் செய்தார். மலாக்காவில் உனக்கு என்ன வேலை என்று கிராணி சிரித்தாராம். அப்பாவும் சிரித்துவிட்டு வந்துவிட்டார். மறு வருஷமும் கேட்டார், மறு வருஷமும் அதே சிரிப்பு.

எனக்கு எட்டு வயதானபோது ஒரு காலையில் அடுப்பிலிருந்து கொதிக்கும் ஈயக் குவளையை இடது கையால் தூக்கி அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா வாங்கிய வேகத்தில் கீழே போட்டாள். என் கையைத் திருப்பிப் பார்த்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கை வெந்து போயிருந்தது. எனக்கு எதுவும் தெரியவில்லை. முழங்கைக்குக் கீழே தேமல்போல ஒன்று வெகுநாளாக இருந்தது. காதுக்குப் பின்னால் இன்னொன்று. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

அந்தப் புண் ஆறிய பிறகு, தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர் என் கண்ணைத் துணியால் கட்டினார். குத்தும்போது சொல்லு என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை, குத்தத் தொடங்கவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். துணியை அவிழ்த்தபோது கையில் சிறு சிறு ரத்தப் புள்ளிகள். அப்பா வாசற்படிக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் பார்த்திருந்தார். அடுத்து வந்த பெரிய டாக்டர் தொடாமலே பார்த்துவிட்டுப் போனார். பெருநோய் என்றார்கள். அந்த நோய்க்காரர்களுக்கென்று வடக்கே தனிக் குடியிருப்பு இருக்கிறது, அங்கேதான் இருக்க வேண்டும், அதுதான் சட்டம், அடுத்த வாரம் வண்டி வரும், அதுவரை பிள்ளை லயத்தை விட்டு வெளியே தலைகாட்டக் கூடாது என்றார் டிரெஸ்ஸர்.

அப்பா கேட்டார். தீபாவளி கழித்து அனுப்பலாமா என்று கேட்டார். கூடாது. தானும் கூடவே போய் அங்கே ஏதாவது வேலை செய்துகொண்டு இருக்கலாமா என்று கேட்டார். நோய் இல்லாதவர்களுக்கு அங்கே இடம் இல்லை. அப்படியானால் வண்டியில் வழித்துணைக்காவது வரலாமா என்று கேட்டார். அதுவும் கூடாது. டிரெஸ்ஸர் கெட்டவர் அல்ல. ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகவே 'கூடாது' என்றார். மறுநாள் அப்பா துரையின் பங்களா வரை போய், தோட்டக்காரனிடம் சொல்லி, வராந்தாவுக்குக் கீழே நின்று அதையே மறுபடியும் கேட்டுவிட்டு வந்தார். பதில் மாறவில்லை.

அதற்கு அடுத்த விடியற்காலை என்னை எழுப்பினார். அப்போதும், "பாப்பா, எழுப்பட்டுமா?" என்றுதான் எழுப்பினார். அம்மா தன் பழைய சேலையில் முழுக்கை ரவிக்கை தைத்து வைத்திருந்தாள். மணிக்கட்டு வரை மூடும் ரவிக்கை. காதை மறைத்துத் தலையைப் பின்னிவிட்டாள். "எங்கம்மா?" என்றேன். "மலாக்கா" என்றாள். தம்பி தூங்கிக்கொண்டிருந்தான். பெரட்டு என்னும் காலை ஆள் கணக்கெடுப்புக்குக் கூப்பிடும் தப்புச் சத்தம் கேட்டபோது நாங்கள் கடைசி நிரை ரப்பர் மரங்களையும் தாண்டிவிட்டிருந்தோம். அப்பா ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்தார். அவர் வேகமாக நடந்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

"கிராணிகிட்ட கேட்டீங்களாப்பா?" என்றேன்.

"இல்ல பாப்பா" என்றார்.

ரந்தாவிலிருந்து மோட்டார் பஸ், சிரம்பானிலிருந்து ரயில். டிக்கெட் ஜன்னலில் அப்பா துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, "மலாக்கா போவ ரெண்டு டிக்கட்டு உத்தரவாகுங்களா?" என்று கேட்டார். உள்ளே இருந்த யாழ்ப்பாணத்துக்காரர் நிமிர்ந்து பார்த்து, காசு கொடுத்தால் தருவோம், உத்தரவு எதற்கு என்றார். ரயிலில் இடம் இருந்தும், எதிரே இருந்தவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார். என்னை ஜன்னல் ஓரமாக வைத்து, எனக்கும் மற்றவர்களுக்கும் நடுவில் ஒரு சுவர்போல் தன் முதுகை வைத்துக்கொண்டார். தம்பினில் வேறு ரயில் மாறி, உச்சி வெயிலில் மலாக்காவில் இறங்கினோம்.

சிவப்புக் கட்டடம் உண்மையிலேயே சிவப்பாக இருந்தது. படத்தில் இருந்ததைவிடப் பெரியது, படத்தில் இருந்ததைவிட அழுக்கு. மணிக்கூண்டில் முள் நகர்வதைப் பார்க்க வேண்டும் என்று நான் அண்ணாந்து நின்றேன். பக்கத்தில் ஒரு மலாய்ப் போலீஸ்காரர் நிழலில் நின்றிருந்தார். அப்பா அவரிடம் போய், என்னைக் காட்டி, சுவரைக் காட்டி, "போலே துவான்?" என்றார். என்ன கேட்கிறார் என்று அவருக்குப் புரியவில்லை. சுவரைத் தொட்டுப் பார்க்கத்தான் கேட்கிறார் என்று புரிந்ததும் வெற்றிலைக் காவி தெரியச் சிரித்து, "போலே, போலே" என்றார்.

நான் இடது கையை வைத்தேன். ஒன்றும் தெரியவில்லை. வலது கையை வைத்தேன். வெயிலில் காய்ந்த சுவர் சுட்டது, சொரசொரப்பாக இருந்தது, கையில் சிவப்புப் பொடி ஒட்டியது. இரண்டு கைகளையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். எனக்கு அது விளையாட்டாக இருந்தது. அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

குன்றின் மேல் கூரை இல்லாத ஒரு பழைய மாதா கோவில் இருக்கிறது. படிகளில் ஏற, "தூக்கிக்கட்டுமா?" என்று கேட்டுத் தோளில் தூக்கிக்கொண்டார். உள்ளே ஆள் உயரத்துக்குக் கருங்கல் பலகைகளைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். புரியாத எழுத்துகள், ஒன்றில் மண்டை ஓடு. புல் வெட்டிக்கொண்டிருந்த தமிழர் ஒருவரிடம் அப்பா விசாரித்தார். அந்தக் காலத்தில் இந்த ஊரைப் பிடித்து ஆண்ட வெள்ளைக்காரர்களின் கல்லறைக் கற்கள், பெண்டுபிள்ளைகளும் உண்டு, எல்லாம் கப்பலில் வந்தவர்கள் என்றார் அவர்.

"திரும்பிப் போவலியா அவங்க?" என்று அப்பா கேட்டார்.

"போயிருந்தா கல்லு ஏன் இங்க இருக்குது?" என்றார் அந்த ஆள், அரிவாளைத் துடைத்துக்கொண்டே.

அந்த மேட்டிலிருந்துதான் நான் முதன்முதலாகக் கடலைப் பார்த்தேன். வெயிலில் அது வெள்ளையாக இருந்தது. கப்பல்கள் நகராமல் நின்றன. அப்பா தோளிலிருந்து என்னை இறக்காமல், "அதோ, அந்தப் பக்கமாத்தான் நம்ம ஊரு" என்று கையை நீட்டினார். பிறகு அதே குரலில், அடுத்த வாரம் ஒரு வண்டி வரும் என்றார். அது என்னை ஒரு ஊருக்குக் கூட்டிப்போகும், அங்கே என்னைப்போல் நிறையப் பிள்ளைகள் இருப்பார்கள், பள்ளிக்கூடம் இருக்கும், மருந்து கொடுப்பார்கள், கை சரியானதும் திரும்பி வந்துவிடலாம் என்றார். அவருடைய முகம் எனக்குத் தெரியவில்லை. உச்சந்தலைதான் தெரிந்தது.

"நீங்களும் வருவீங்களா?"

"கேட்டுப் பாத்தேன் பாப்பா" என்றார்.

அவர் எதைக் கேட்டாலும் என்ன பதில் வரும் என்பது எனக்கும் தெரியும். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

கீழே இறங்கி, பழைய கோட்டை வாசலைப் பார்த்தோம். கோட்டை இல்லை, வாசல் மட்டும்தான் மிச்சம். இரண்டு பக்கமும் திறந்த வெளியாக இருந்தும், அப்பா அதன் முன்னால் ஒரு கணம் தயங்கி நின்றுவிட்டுத்தான் உள்ளே நடந்தார். செட்டித் தெரு வழியாகப் போனபோது ஒரு பிள்ளையார் கோவில் வந்தது. அங்கே அவர் யாரையும் எதையும் கேட்கவில்லை. எதிர் வாடையில், சாக்கடைக்கு இந்தப் பக்கமே என்னை நிறுத்தி, அங்கிருந்தே கும்பிடச் சொன்னார். அவரும் அங்கிருந்தே கும்பிட்டார்.

ஆற்றோரமாக ஒரு தேநீர்க் கடை. நடத்தியவர் நாகூர்ப் பக்கத்து முஸ்லிம் முதலாளி, கட்டம் போட்ட கைலியும் வெள்ளைத் தொப்பியுமாக இருந்தார். அப்பா பையிலிருந்து எங்கள் தகரக் குவளையை எடுத்து எனக்கு அதிலே ஊற்றித் தரச் சொல்வதற்குள், அவர் இரண்டு கண்ணாடிக் குவளைகளில் ஆவி பறக்கத் தேநீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டார். எனக்குப் பசி. இடது கையால் குவளையை முழுக்கப் பிடித்து எடுத்துக்கொண்டேன். அப்பா பதறி என் கையிலிருந்து அதை வாங்க, விரல் சுட்டு, பாதித் தேநீர் மேசையில் கொட்டியது. முதலாளி என்னைப் பார்த்தார். என் ரவிக்கைக் கையைப் பார்த்தார். பிறகு கடையில் இருந்த ஒரே வாடிக்கையாளர் எழுந்து போகும்வரை மேசையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

எந்தத் தோட்டம் என்று மெதுவாகக் கேட்டார். அப்பாவுக்குப் பொய் சொல்ல வராது. தோட்டம், டிரெஸ்ஸர், வண்டி எல்லாவற்றையும் எழுந்து நின்று சொன்னார். முதலாளி அவரை உட்காரச் சொல்லிவிட்டு, தானும் எதிரே உட்கார்ந்தார்.

"இங்க பாரு தம்பி. இன்னிக்கிச் சாயங்காலம் பினாங்குக்கு ஒரு சின்னக் கப்பல் போவுது. என் மச்சான் அதுல சமையக்காரன். நான் சொன்னா ஏத்திக்குவான், காசு பேச்சு வேணாம். பினாங்குல நம்ம ஆளுக இருக்காங்க, நாகப்பட்டினம் கப்பல்ல ஏத்தி விட்டுருவாங்க. புள்ளையக் கொண்டுபோய் ஊர்ல வச்சுக்க. அங்க யாரும் ஒன் கையிலேருந்து புடுங்க மாட்டாங்க. பொஞ்சாதி பின்னால வரட்டும்."

படகுகள் பாலத்துக்கு அடியில் குனிந்து குனிந்து போய்க்கொண்டிருந்தன. முதலாளி காத்திருந்தார். அப்பா ஆற்றைப் பார்த்தார், முதலாளியின் காலைப் பார்த்தார், பிறகு என் பக்கம் திரும்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் பார்த்ததுபோல் எனக்கு நினைவு. எனக்குக் கால் வலித்தது, சிவப்புக் கட்டடத்தைப் பார்த்தாகிவிட்டது, தம்பியின் ஞாபகம் வந்துவிட்டது.

"வூட்டுக்குப் போலாம்பா. அம்மா தேடும்" என்றேன்.

அப்பா எழுந்தார். "தொரைகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துடறேன் மொதலாளி" என்றார்.

அதைக் கேட்டு அந்த மனிதர் சிரிக்கவில்லை. உள்ளே போய் நாலைந்து வாழைப்பழப் பணியாரங்களை இலையில் கட்டிக்கொண்டு வந்து என் வலது கையில் கொடுத்தார். பாலத்தின் மேல் ஏறியபோது நான் திரும்பிப் பார்த்தேன். அவர் கடையின் பின்படியில் நின்று, நான் குடித்த கண்ணாடிக் குவளையை ஆற்றில் போட்டுக்கொண்டிருந்தார். நான் பார்ப்பதைக் கண்டதும் அந்தக் கையையே தூக்கி அசைத்தார்.

நாங்கள் திரும்பியபோது லயத்தில் எல்லா வீடுகளிலும் விளக்கு எரிந்தது. எங்கள் வாசலில் கங்காணி உட்கார்ந்திருந்தார். நாங்கள் இல்லாதது காலைப் பெரட்டிலேயே தெரிந்துபோய், டிரெஸ்ஸர் லயத்துக்கு வந்து, அம்மாவை மிரட்டிக் கேட்டு, டாக்டருக்கு ஆள் அனுப்பியிருந்தார். பெருநோய்ப் பிள்ளையை ரயிலிலும் பஸ்ஸிலும் ஊரெல்லாம் சுற்றவைத்த தகப்பனை இனி நம்ப முடியாது என்று முடிவாகிவிட்டது. அடுத்த வாரம் வரவேண்டிய வண்டி மறுநாள் காலையே வந்தது.

அந்த மிச்ச நாட்கள் எங்களுக்குக் கிடைத்திருக்கும். அப்பா கேட்காமல் செய்த ஒரே காரியம் அவற்றையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. அம்மா அதைச் சொல்லிச் சொல்லி அழுதாள். மலாக்காவுக்குக் கூட்டிப் போகச் சொன்னதே அவள்தான்.

வண்டி ஒரு மூடிய லாரி. பக்கத்தில் கம்பி வைத்த சிறிய ஜன்னல். அப்பா ஓட்டுநரிடம் போய், பெரிய சாலை வரை வண்டியோடு நடந்து வரலாமா என்று கேட்டார். ஓட்டுநர் டிரெஸ்ஸரைப் பார்த்தார், டிரெஸ்ஸர் வேறு பக்கம் பார்த்தார். "சரி, வா" என்றார் ஓட்டுநர். செம்மண் பாதையில் வண்டி மெதுவாகத்தான் போனது. அப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தார், கொஞ்ச தூரம் நடந்தார், பிறகு ஓடினார். நான் கம்பியின் மேல் இருந்த அவருடைய விரல்களைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பெரிய சாலை வந்ததும் ஓட்டுநர், "போதும்பா" என்றார். அந்தக் கணமே அப்பா கையை எடுத்துவிட்டார். அவர் இன்னும் சற்று நேரம் பிடித்துக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒன்றும் ஆகியிருக்காது. ஆனாலும் அதை நான் வருஷக்கணக்காக நினைத்து அழுதிருக்கிறேன்.

குடியிருப்பில் நான் வளர்ந்தேன். அப்பா சொன்னபடி அங்கே பிள்ளைகள் இருந்தார்கள், பள்ளிக்கூடம் இருந்தது, வாரந்தோறும் ஊசியில் ஒரு கெட்டியான எண்ணெய் மருந்து ஏற்றினார்கள். இடது கையின் விரல்கள் மடங்கியதோடு என் நோய் நின்றுவிட்டது. பக்கத்துப் படுக்கைக்காரிகளுக்கு அப்படி நிற்கவில்லை.

பார்க்க வருகிறவர்களுக்கென்று வாசலருகே ஒரு கொட்டகை இருந்தது. நடுவில் நீளமான மேசை. அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நாங்கள். தொடக் கூடாது. அப்பாவுக்கு லீவு கிடைத்து, இங்கே வரச் சீட்டும் கிடைத்து, இரண்டும் ஒன்றாக அமைவது அபூர்வம். வந்தால், கொண்டுவந்த முறுக்கு டின்னை மேசையில் வைக்கலாமா என்று காவலாளியிடம் கேட்பார். வைத்த டின்னை என் பக்கம் நகர்த்தலாமா என்று மறுபடி கேட்பார். நேரம் முடிந்ததற்கு மணி அடித்தால் கொட்டகையிலேயே முதலில் எழுகிறவர் அவர்தான். மற்றவர்கள் அழுது, காவலாளியிடம் சண்டை போட்டு, இன்னும் கொஞ்ச நேரம் வாங்கிக்கொள்வார்கள். என் அப்பா அதற்குள் வாசலைத் தாண்டியிருப்பார். எனக்குக் கோபமாக வரும்.

அவர் கடைசியாக வந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு தோட்டத்து ஆஸ்பத்திரியில் போய்விட்டார் என்று வெகுநாள் கழித்துத்தான் எனக்குச் செய்தி வந்தது. அந்தக் கடைசி முறை அவர் மிகவும் மெலிந்திருந்தார். அம்மாவைப் பற்றி, தம்பியைப் பற்றி, புதிதாக வந்த துரையைப் பற்றிச் சொன்னார். அவர் பேசி முடித்ததும், நான் வெகுநாளாக மனசில் வைத்திருந்ததைக் கேட்டேன். அன்றைக்கு அந்தக் கப்பலில் ஏன் ஏறவில்லை என்று கேட்டேன்.

அவர் ஆச்சரியமாகப் பார்த்தார். எனக்கு அது தெரிந்திருக்கும் என்று நினைத்திருந்தார் போலிருக்கிறது.

"ஒன்னத்தான பாத்தேன் பாப்பா. போலாம்பான்னு ஒரு வார்த்த சொல்லுவியான்னு பாத்தேன். நீ அம்மா தேடும்னே."

குறையாகச் சொல்லவில்லை. கிராணி லீவு கொடுக்கவில்லை என்று சொல்வதுபோல, நடந்ததை அப்படியே சொன்னார். நான் சொல்லியிருந்தால் போயிருப்பீர்களா என்று கேட்டேன். "போயிருப்பேன்" என்றார். எட்டு வயதுப் பிள்ளையிடமா கேட்பது என்று சண்டை போட வேண்டும்போல் இருந்தது. அவர் முகத்தைப் பார்த்த பிறகு அதை விட்டுவிட்டேன். மேசையின் மேல் இருந்த என் மடங்கிய விரல்களையே இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மணி அடித்தது. அப்பா எழுந்திருக்கவில்லை.

சுற்றிலும் எல்லோரும் எழுந்து, அழுது, சமாதானம் சொல்லி, ஒவ்வொருவராகப் போனார்கள். காவலாளி வந்து நேரமாகிவிட்டது என்றார். அப்பா அவர் பக்கம் திரும்பவே இல்லை. காவலாளி இரண்டாம் முறை சத்தமாகச் சொன்னார். அப்பா மேசையின் விளிம்பை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேற்பார்வைக்காரரும் வந்து, இப்படிச் செய்தால் அடுத்த தடவைக்குச் சீட்டு கிடைக்காது என்றார். கொட்டகை காலியாகி, நாங்கள் இருவரும் அவர்கள் இருவரும் மட்டும் மிச்சம். அப்போதும் அப்பா எதையும் கேட்கவில்லை.

காவலாளி அவருடைய தோளில் கையை வைத்தார். கை வைத்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. அடுத்து என்ன செய்வார் என்பது தெரிந்துவிட்டது, அதைப் பார்க்க என்னால் முடியாது என்றும் தெரிந்துவிட்டது. அப்பா நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

"போய்ட்டு வாங்கப்பா" என்றேன்.

உடனே எழுந்துகொண்டார்.